‘மெஷின் சொல்லுது’ என்றால் யார் சொல்வது?

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் ஒரு முறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: “ரேகை விழலைம்மா, மெஷின் எடுக்க மாட்டேங்குது.” ஆண்டுக்கணக்கில் பாத்திரம் தேய்த்து விரல் நுனி வழவழப்பாகிப்போன ஒரு பாட்டி, முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார். கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள முடியாது, அவர் கையில் ஒன்றும் இல்லை. மெஷினைத் திட்டி ஆகப்போவது எதுவும் இல்லை. அதை வைக்கச் சொன்ன அதிகாரி அந்த ஊரிலேயே இருக்க மாட்டார். பாட்டி வெறும் பையோடு திரும்புகிறார். ‘தர மாட்டேன்’ என்று சொன்னவர் யார் என்று கேட்டால் கைகாட்ட ஆள் இல்லை.

பாட்டி நாளைக்கு மறுபடியும் வரலாம், பேரனை அனுப்பலாம். இதே மாதிரி ஒரு மெஷினும் அதன் முன்னால் ஓர் ஆளும் ஓர் ஏவுகணைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அறவியல் என்றதும் பொய் சொல்லாதே, திருடாதே, கொல்லாதே என்பவை நினைவுக்கு வரும். அவை பொது விதிகள், அவற்றில் பெரிய சண்டை இல்லை. பயன்பாட்டு அறவியல் என்பது இந்த விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் போவது. மருத்துவமனையில் வென்டிலேட்டர் ஒன்று, நோயாளிகள் இருவர் என்றால் யாருக்கு? தேர்தல் நேரத்தில் ஒருவர் குரலைப் போலவே கணினியில் செய்த போலிக் குரல் பரவினால், அதைச் செய்தவர் குற்றவாளியா, பரப்பியவரா, கருவியை விற்ற நிறுவனமா? போரில் இது இன்னும் கூர்மையாகிறது. குடிமக்களைக் குறிவைக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் எதிரில் இருப்பவரைக் குடிமகன் என்றே கொள்ள வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. விதி அழகாகத்தான் இருக்கிறது. திரையில் ஒரு புள்ளி நகர்கிறது, ஏழு நிமிடம்தான் இருக்கிறது, அது போர் விமானமா பயணிகள் விமானமா தெரியவில்லை. இப்போது விதியை எப்படிக் கடைப்பிடிப்பது?

ஏழு நிமிடம் என்பது நான் சும்மா சொன்ன கணக்கு இல்லை.

வளைகுடாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1988 ஜூலை 3. ஈரான்-ஈராக் போரின் கடைசி மாதங்கள். ஹோர்முஸ் நீரிணையில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் சிறு படகுகளோடு துப்பாக்கிச் சண்டையில் இருந்தது. அந்தக் கப்பலில் ஏஜிஸ் என்ற அமைப்பு உண்டு. ரேடார், கணினி, ஏவுகணை மூன்றையும் ஒன்றாகக் கோத்தது. அமெரிக்கக் கடற்படை அன்றைக்குப் பெருமையோடு காட்டிக்கொண்ட தொழில்நுட்பம் அது.

காலை 10.17க்கு ஈரானின் பந்தர் அப்பாஸ் நிலையத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பியது. பயணிகளும் ராணுவமும் சேர்ந்து பயன்படுத்தும் நிலையம். கிளம்பியது துபாய்க்குப் போகும் ஏர்பஸ் ஏ300, ஈரான் ஏர் 655. ரேடார் திரைகள் இருக்கும் கப்பலின் இருட்டறையில் யாரோ ‘எஃப்-14’ என்றார். எஃப்-14 போர் விமானங்கள் ஈரானிடம் இருந்தன. அதன் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மாலுமி விமான கால அட்டவணையைப் புரட்டினார், 655 அவர் கண்ணில் படவில்லை. வானொலியில் எச்சரித்தார்கள், பதில் வரவில்லை. விமானம் தாழ்வாக இறங்கித் தங்களை நோக்கி வருகிறது என்று அறைக்குள் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 10.24க்குக் கப்பல் இரண்டு ஏவுகணைகளை ஏவியது. விமானத்தில் இருந்த 290 பேரும் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

பிறகு அமெரிக்கக் கடற்படையே விசாரித்தது. ஏஜிஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது தெரியவந்ததுதான் இந்தக் கதையில் என்னை இன்றும் உறுத்துவது. விமானம் இறங்கவே இல்லை. கிளம்பியதிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. கணினி அதைச் சரியாகத்தான் பதிந்திருந்தது. ஆனால் உயரம் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பெரிய திரை காட்டவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய திரையில் ஓடும் எண்களைப் பார்த்து, முந்தைய எண்ணோடு மனக்கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். குண்டுச் சத்தத்துக்கு நடுவே யார் மனக்கணக்குப் போடுவது? எதிரி வருகிறான் என்று மனம் ஏற்கெனவே ஒரு கதையை எழுதிவிட்டால், வரும் தகவலை எல்லாம் அந்தக் கதைக்குள் திணித்துக்கொள்ளும் என்று விசாரணையில் சொன்னார்கள். அதே கடலில் சைட்ஸ் என்று இன்னோர் அமெரிக்கக் கப்பலும் இருந்தது. அதன் தலைவர் அதே விமானத்தைப் பார்த்து, இதனால் ஆபத்தில்லை என்று முடிவுக்கு வந்திருந்தார்.

யாருக்கும் தண்டனை இல்லை. கப்பல் தலைவருக்கு 1990இல் அவரது பணிக்காலத்துக்காகப் பதக்கம் கிடைத்தது. 1996இல் அமெரிக்கா, சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 6.18 கோடி டாலர் தர இசைந்தது.

அப்படியானால் மெஷினிடமே விட்டுவிடலாமே

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வின்சென்ஸ் கதையில் மெஷின் சரி, மனிதர்கள் தவறு. தானே இலக்கைத் தேர்ந்து தானே சுடும் ஆயுதங்களை ஆதரிப்பவர்களின் வாதம் இதுதான். மெஷினுக்குப் பயம் இல்லை, தூக்கம் இல்லை, நேற்றுச் செத்த நண்பனுக்காகப் பழிவாங்கும் வெறி இல்லை. போர்க் குற்றங்களில் பெரும்பகுதி கோபத்திலும் பயத்திலும் நடப்பவை, எனவே கோபப்படாத ஒன்றிடம் துப்பாக்கியைக் கொடு என்கிறார்கள். இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்பது பதில் ஆகாதே.

பதில் 2003இல் ஈராக் போரில் கிடைத்தது. மார்ச் 23 அன்று, குவைத்தில் இருந்த தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நட்பு நாடான பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியட் என்ற வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு தங்களைத் தாக்க வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. முடிவெடுக்க அந்தக் குழுவுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் இருந்தது. திரை சொன்னதை நம்பிச் சுட்டார்கள், விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். ஏப்ரல் 2 அன்று பேட்ரியட் மறுபடியும் சுட்டது. இம்முறை அமெரிக்காவின் சொந்த எஃப்/ஏ-18 விமானம், விமானி இறந்தார். பின்னர் ஆராய்ந்த அமெரிக்க ஆலோசனைக் குழு, பேட்ரியட் பெரும்பாலும் தானாக இயங்கும்படியே வைக்கப்பட்டிருந்தது, அதை இயக்கியவர்கள் மென்பொருளை நம்பவே பயிற்றுவிக்கப்பட்டிருந்தார்கள் என்று எழுதியது.

ஆக, ஓரிடத்தில் மெஷின் சரியாகச் சொல்லியும் மனிதர்கள் பார்க்கவில்லை. இன்னோரிடத்தில் மெஷின் தவறாகச் சொன்னதும் மனிதர்கள் தலையாட்டினார்கள். மனிதனா மெஷினா என்று பட்டிமன்றம் வைத்தால் இரு அணிக்கும் சாட்சி கிடைக்கும். இரண்டு விபத்திலும் கோளாறு இருவருக்கும் நடுவில் இருந்தது: திரை எதைப் பெரிதாகக் காட்டுகிறது, எவ்வளவு நேரம் தருகிறது, பயிற்சியில் ஆளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்.

இத்துறையில் அடிக்கடி காதில் விழும் ஒரு வகைப்பாடு இங்கே உதவும். மெஷின் ஆலோசனை சொல்லும், மனிதர் சரி என்றால்தான் சுடும். இது முதல் வகை. மெஷின் தானே சுடும், மனிதர் பக்கத்தில் இருந்து வேண்டுமானால் தடுக்கலாம். இது இரண்டாவது. மூன்றாவதில் மனிதர் ஏவிவிட்டுப் போய்விடுவார், மற்றதெல்லாம் மெஷின் பாடு. அரசுகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், ‘எங்களிடம் இருப்பது முதல் வகை, கடைசி வார்த்தை மனிதருடையதுதான்’ என்பது. கேட்க ஆறுதலாக இருக்கும். வின்சென்ஸும் முதல் வகைதான் என்பதை மறந்துவிட்டால்.

எனவேதான் இத்துறையில் இருப்பவர்கள் ‘மனிதக் கட்டுப்பாடு’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பெயரளவில் இல்லாத, உண்மையான மனிதக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறார்கள். உண்மையானதா என்பதை எப்படி அறிவது? ‘இல்லை’ என்று சொல்லும் வசதி அந்த ஆளுக்கு நிஜமாகவே இருந்ததா என்று பார்த்தால் போதும் என்பேன். 1983 செப்டம்பர் 26 இரவு, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு அலறியபோது, இது தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்ன சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவைப் பலரும் அறிவார்கள். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி அந்த அமைப்பை ஏமாற்றியிருந்தது. அவரை வீரர் என்று கொண்டாடும்போது நழுவிப்போவது ஒன்று உண்டு. அவர் பொறியாளர், அந்த அமைப்பின் பலவீனங்களை உள்ளிருந்து அறிந்தவர். போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை ஏவுவானா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தரையில் இருந்த ரேடார்களும் இருந்தன, அவை எதையும் காட்டவில்லை. அறிவும், வேறொரு சாட்சியும், சில நிமிடங்களும் சேர்ந்துதான் அந்த ‘இல்லை’யைச் சாத்தியமாக்கின. துணிச்சல் மட்டும் போதாது.

இதன் மறுமுனைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஏப்ரலில் இஸ்ரேலிய இதழ் ஒன்று, உளவுப் பிரிவில் இருந்த ஆறு பேரை ஆதாரமாகக் காட்டி ஒரு செய்தி வெளியிட்டது. லாவெண்டர் என்ற மென்பொருள் காஸாவில் 37,000 பேர் வரை சந்தேகத்துக்குரிய போராளிகள் என்று குறித்ததாகவும், ஒரு பெயரைச் சரிபார்க்க அதிகாரிகள் சில சமயம் 20 நொடிதான் செலவிட்டதாகவும், அந்த நேரத்தில் பார்த்தது பெரும்பாலும் குறிக்கப்பட்டவர் ஆணா என்பதைத்தான் என்றும் அது சொன்னது. இஸ்ரேலிய ராணுவம் மறுத்தது. அது உளவுத் தகவல்களை ஒப்பிடும் தரவுத் தொகுப்பு மட்டுமே, ஆட்களை முடிவுசெய்வது மனித ஆய்வாளர்கள்தான் என்றது. யார் சொல்வது சரி என்பதை இந்தக் கட்டுரை தீர்க்கப்போவதில்லை. ஆனால் அந்த 20 நொடி உண்மையானால், அந்த ஆளை நாம் ஊரில் என்ன பெயரிட்டு அழைப்போம் என்று தெரியும்: ரப்பர் ஸ்டாம்ப்.

நேரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2021 ஆகஸ்ட் 29, காபூல். அமெரிக்கப் படை வெளியேறும் கடைசி நாட்கள். ஒரு வெள்ளைக் காரை ஆளில்லா விமானம் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. அதில் ஏற்றியவை வெடிபொருள் என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். ஏவுகணை விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள், 7 பேர் குழந்தைகள். காரை ஓட்டியவர் ஓர் உதவி அமைப்பின் ஊழியர், ஏற்றியவை தண்ணீர்க் கேன்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து ராணுவம் தவறை ஒப்புக்கொண்டது. டிசம்பரில், எவர் மீதும் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. எட்டு மணி நேரமும் அந்த அறையில் எல்லோரும் ஒரே கதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வாதம் செய்வதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆளை இனி அறைக்குள் வைக்க வேண்டும் என்று விசாரித்த அதிகாரி பரிந்துரைத்தார். இந்த ஒன்றைச் செய்யச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள்.

கைகாட்ட ஆள் இல்லாத குற்றம்

காபூலில் குறைந்தபட்சம் விசாரிக்க மனிதர்கள் இருந்தார்கள். மூன்றாம் வகை ஆயுதத்தில் என்ன ஆகும்? தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள் ஒரு பள்ளி வேனைக் கவச வண்டி என்று எண்ணிச் சுட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுதிய நிரலாளர், ‘நான் எழுதியது கற்கும் முறையை மட்டும், அது என்ன கற்றது என்று எனக்குத் தெரியாது’ என்பார். விற்ற நிறுவனம், ‘கையேட்டில் எச்சரித்திருக்கிறோம்’ என்னும். தளபதி, ‘சோதனையில் தேறிய ஆயுதம், நம்பினேன்’ என்பார். மெஷினைச் சிறையில் வைப்பதில் பொருளில்லை. ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, எல்லாவற்றையும் கூட்டினால் குற்றவாளி காணாமல் போகிறார். இதைப் ‘பொறுப்பு வெற்றிடம்’ என்று அழைக்கலாம். 2000களிலிருந்தே அறவியலாளர்கள் இதைப் பற்றி வாதாடிவருகிறார்கள். தன் மகன் எதனால் செத்தான் என்று கேட்கும் ஒரு தாய்க்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவராவது இருந்தாக வேண்டும், அப்படி ஒருவரைக் காட்ட முடியாத ஆயுதத்தைப் பயன்படுத்துவதே தவறு என்பது அவர்களில் ஒரு சாராரின் முடிவு. நானும் அந்தப் பக்கம்தான்.

கண்ணகி கதையைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் விசாரிக்காமல் சரி என்றான், காவலன் வெட்டினான். மூன்று பேர் கைமாறிய கொலை. பாண்டியன் நினைத்திருந்தால் ‘எனக்கு வந்த தகவல் அப்படி’ என்று சொல்லியிருக்கலாம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் பழியைப் பொற்கொல்லன் மேல் போட்டுத் தப்பவில்லை, கள்வன் நானே என்று சொல்லி உயிரை விட்டான். இன்றைய விசாரணை அறிக்கைகளில் அந்த வாக்கியத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஆயுதம் செய்பவர்கள், போர் நடத்துபவர்கள் பாடு என்று நாம் இருந்துவிடலாமா? சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதுபவர்கள் இதில் எங்கே வருகிறார்கள் என்று கூகுளில் நடந்தது காட்டுகிறது. ஆளில்லா விமானங்கள் எடுக்கும் காணொளிகளில் வண்டி எது, ஆள் எது என்று பிரித்தறியும் மேவன் என்ற திட்டத்தை அமெரிக்க ராணுவம் 2017இல் தொடங்கியது, கூகுள் அதில் இருந்தது. 2018இல் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், சிலர் வேலையை விட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது, ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தர மாட்டோம் என்று வாக்கும் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் அந்த வாக்கைத் தன் கொள்கைப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. நிறுவனம் தானாகத் தரும் வாக்கு அந்த நிறுவனத்துக்குத் தோதான காலம்வரைதான்.

அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறார்கள். அரசியல் தொடங்குவதும் அங்கேதான். தன்னியக்க ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் பேசிவருகின்றன. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு, எனவே ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் பேச்சு நின்றுவிடும். 2023 டிசம்பரில் ஐநா பொதுச்சபையில் இது பற்றி ஒரு தீர்மானம் வந்தது, 152 நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன. எதிர்த்தவற்றில் ரஷ்யாவோடு இந்தியாவும் ஒன்று. ஜெனீவாப் பேச்சு ஏற்கெனவே நடக்கும்போது இணையாக இன்னொரு பாதை வேண்டாம் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. எதிரி வைத்திருக்கும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொள்வதா என்ற கணக்கு இதற்குப் பின்னால் இருக்கும் என்று ஊகிக்கலாம். அமெரிக்கா வேறு வழி பிடித்தது. தன் ராணுவத்துக்கு 2012இல் எழுதி 2023இல் திருத்திய ஆணையில், சுடுவதில் ‘தகுந்த அளவு’ மனித முடிவு இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு தகுந்தது என்று அதில் சொல்லப்படவில்லை. வழக்கறிஞர்களுக்கு இந்த மாதிரிச் சொல் என்றால் அல்வா.

தடை போட்டால் யார் மதிப்பார்கள் என்று கேட்பது எளிது. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களைப் போர்க்களத்துக்கு வரும் முன்பே 1995இல் தடை செய்தார்கள், அந்தத் தடை இன்றும் பெரிதும் நிற்கிறது. மிதிவெடிக் கதை இன்னும் சிக்கலானது. யோசித்துப் பார்த்தால் மூன்றாம் வகை ஆயுதங்களில் மூத்தது மிதிவெடிதான். புதைத்தவர் போய்விடுவார், அதன் பிறகு யாரைக் கொல்வது என்று ‘முடிவெடுப்பது’ அந்தச் சிறு டப்பா. படைவீரன், மாடு, விறகு பொறுக்க வந்த சிறுமி எல்லாம் அதற்கு ஒன்று. 1997 ஒட்டாவா ஒப்பந்தம் அதைத் தடை செய்தது, நூற்றறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை 2025இல் விலக முடிவெடுத்தன.

இலங்கை 2017இல்தான் சேர்ந்தது. போர் 2009இல் முடிந்தது, வடக்கே முகமாலையில் மிதிவெடிகளை அகற்ற மண்ணைக் கிளறும் வேலை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக நீண்டது. தலையில் முகக்கவசம், மார்பில் தடித்த அங்கி, வெயிலில் முழந்தாளிட்டு விரற்கடை விரற்கடையாகச் சுரண்டுபவர்களில் பலர் பெண்கள், போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அரசுப் படையும் புலிகளும் இரு தரப்பும் புதைத்த வெடிகள் அங்கே இருந்தன. வெளியே எடுத்த வெடியின் வகையைப் பார்த்தால் எந்தத் தரப்புடையது என்று சொல்லிவிடலாம். எந்த ஆள் புதைத்தான் என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. அடுத்த விரற்கடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.